லின் வீட்டுப் பச்சைப் பொட்டலம்

ஜெர்மனியில், வால்டோர்ஃப் என்ற ஊரில், என் மகள் வீட்டில் எனக்கு இருந்த ஒரே வேலை, எதையும் தொடாமல் இருப்பது. "அம்மா, அந்த டஸ்ட்பின்ல பேப்பர் மட்டும்தான்." "அம்மா, அது இண்டக்‌ஷன், ப்ளீஸ்." "அம்மா, சண்டே மிக்சி போடாதே, கீழ் வீட்டுல கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க." கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் காலமெல்லாம் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவள் நான். டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தால் முதல் ஆளாகப் போய் நிற்கிறவளிடம் மிக்சியைத் தொடாதே என்றால் எப்படி இருக்கும்? அதனால் லின் போன் பண்ணி, "வேணி மேடம், ஞாயிற்றுக்கிழமை என் பேத்திக்கு ஞானஸ்நானம், நீங்கள் வந்தே ஆக வேண்டும்" என்றதும் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

லின் யார் என்று சொல்லிவிடுகிறேன். தைவான்காரர். படிக்க ஜெர்மனி வந்து, நூல் மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியராகி, குடும்பத்தோடு வுப்பர்டாலிலேயே தங்கிவிட்டார். எங்கள் மில்லில் புது வைண்டிங் மெஷின் போட வந்து மாசக்கணக்கில் இருந்தார். மழையோ வெயிலோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போயே தீருவார். எனக்கு மருதமலை முருகன் போதும். ஆனாலும் விருந்தாளி ஆச்சே என்று என் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். ஊரே பார்க்கும். பார்த்தால் பார்க்கட்டும். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, முழு ஆராதனைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்னங்க புரிஞ்சுது?" என்று கேட்டால், "கடவுளுக்குப் புரிந்தது" என்பார்.

எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கண்ணை மூடி ஜெபம்தான். மனைவி, மகன், அம்மா, தம்பி, எங்கள் மில், அதற்குள் இருக்கும் மெஷின் எல்லாரும் அந்த ஜெபத்தில் வரிசையாக வந்துபோக வேண்டும். அவர் கண்ணைத் திறப்பதற்குள் தோசை வறட்டியாகிவிடும். என் வீட்டுக்காரர் பசி தாங்காமல் முறைப்பார். நான் அடக்கிக்கொண்டு சிரிப்பேன்.

இப்போது லின் ரிட்டயர் ஆகிவிட்டார். மனைவி சூ-ஃபென்னுக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்து மூச்சு விடுகிறார். இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், குளிர்காலம் முழுக்க வாசல்படி தாண்டவில்லை. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு மட்டும், தோளில் மாட்டும் சின்ன மெஷினோடு சர்ச்சுக்குக் கூட்டிப்போவதாக லின் ஒத்துக்கொண்டிருந்தார். பல நாள் யோசித்து ஒத்துக்கொண்டாராம்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். ஸ்டேஷனில் ரயில் பெட்டி வரிசை இன்றைக்கு மட்டும் தலைகீழ் என்று அறிவித்தார்கள். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் நின்றவர்கள் அந்தக் கோடிக்கும், அந்தக் கோடிக்காரர்கள் இங்கேயும் ஓடினார்கள். நடுவில் முட்டிக்கொண்டவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். நம் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் உறவாகியிருப்பார்கள், ரெண்டு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், நாயோடு வந்த ஒரு பாட்டியம்மா ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்து சீட்டுப் பெண் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள்: "தினமும்தான் 'இன்றைக்கு மட்டும்' என்கிறார்கள் என்கிறார்."

அதோடு விட்டதா? வழியில் வண்டி ரெண்டாகப் பிரியுமாம். நான் ஏறியிருந்தது தப்பான பாதி. டிக்கெட் பார்க்க வந்தவர் என் டிக்கெட்டையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் அவரே என் பெட்டியை இறக்கி, மறுபாதியில் ஏற்றிவிட்டார். நான் கொடுத்த முறுக்கை மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். டியூட்டியில் சாப்பிடக் கூடாதாம்.

வுப்பர்டாலில் லின் வந்து நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, நிமிர்ந்த முதுகு மட்டும் அப்படியே. அந்த ஊரில் ஒரு தொங்கு ரயில் ஓடுகிறது. மேலே தண்டவாளம், கீழே ஆறு, நடுவில் நாம். வளைவு வந்தால் தொட்டில் மாதிரி ஆடுகிறது. நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி இது" என்றார் லின். "பிடித்திருக்கும் கை நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிடித்திருக்கிறது."

"பிரசங்கத்தை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்குங்க லின், இப்போதைக்கு எனக்கு இந்தக் கம்பி போதும்" என்றேன்.

வீட்டு ஹாலில், சூட்கேஸ் உயரத்தில் ஆக்சிஜன் மெஷின் உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு நீளக் குழாய் தரையோடு ஓடி, சோபாவில் இருந்த சூ-ஃபென்னின் மூக்கில் முடிந்தது. கால் தடுக்காமல் இருக்க மூலைக்கு மூலை டேப் ஒட்டியிருந்தார் லின். சூ-ஃபென் ஒரு பிடி உருவம். என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை, ஆனாலும் "வேணி!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷ் அவருக்கு நாலு வார்த்தைதான். கதவில் மாட்டியிருந்த நீலப் பட்டு கவுனைக் காட்டினார். அதன் கீழே பளபளவென்று ஒரு ஜோடி ஷூ. "சண்டே," என்றார். "ஐ கோ."

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடம் முதல் நாள் போகிற பிள்ளைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருக்காது.

ஆறு மணிக்கே ராச்சாப்பாடு. லின் சமைத்த அரிசிக் கஞ்சி, டோஃபு, கீரை, வறுத்த வேர்க்கடலை. மறுபடியும் அதே ஜெபம், இப்போது மருமகள், பேத்தி ஹன்னா பெயர்களும் வரிசையில் சேர்ந்து இன்னும் நீண்டுவிட்டது. கஞ்சி ஆறுகிறதே என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிரே சூ-ஃபென்னும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிமிட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

சனிக்கிழமை காலையில்தான் வினை. ஆறு மணிக்குச் சாப்பிட்ட வயிறு, காக்கா கத்தும் முன்பே என்னை எழுப்பிவிட்டது. வீடு தூங்கியது. தலைக்குக் குளித்தேன். ஈரத் துண்டை எங்கே போடுவது? ஹால் மெஷினிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்துகொண்டிருந்தது. நல்லதாய்ப் போச்சு என்று பக்கத்து நாற்காலியில் விரித்துவிட்டேன், அது சரிந்து மெஷின்மேலேயே விழுந்ததைக் கவனிக்கவில்லை. மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பலகை, அதில் பச்சை நிறத்தில் ஒரு நொறுக்குத்தீனிப் பொட்டலம், மேலே சீன எழுத்து. விருந்தாளிக்குத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். தேங்காய் வாசனையோடு சோளப்பொரி. கொஞ்சம் நமத்திருந்தாலும், பசிக்கு ருசி தெரியுமா? கடைசித் துணுக்கு வரை தின்றுவிட்டேன்.

அப்போது கத்தியது பாருங்கள் மெஷின்! வீடே அதிர்ந்தது.

லின் பைஜாமாவோடு ஓடி வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியின் குழாயைக் கழற்றித் தயாராக இருந்த சிலிண்டரில் மாட்டினார், அவர் முகத்தைப் பார்த்தார், கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு வந்து, மெஷினுக்குள் காற்று போகும் வழியை மூடிக் கிடந்த என் துண்டை எடுத்து நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். "சூடாகிவிட்டது. அவ்வளவுதான்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காலமெல்லாம் மோட்டார் மேல் துணி போடாதே என்று ஆட்களைத் திட்டியவள் நான்!

மெஷின் மறுபடி ஓடியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது லின் மேலே பலகையைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த காலிப் பொட்டலத்தைப் பார்த்தார். அலாரத்துக்கு மாறாத முகம் அதற்கு வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, தின்கிற பொருள்தானுங்களே?" என்றேன்.

"தின்கிற பொருள்தான். ஆனால் தின்னக் கூடாதது" என்றார் லின் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மில்லில் புது மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கிப் பூஜை போட்ட அன்றைக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்ற லின் சொன்ன கதை. அவர் ஊரில் எந்த இன்ஜினியரும் மெஷின்மேல் ஒரு நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைப்பாராம். அதன் பெயருக்கே 'சொன்ன பேச்சுக் கேள்' என்று அர்த்தமாம். பச்சைதான் வைக்க வேண்டும், சிக்னல் பச்சையாக இருந்தால்தானே வண்டி ஓடும். மஞ்சள் ஆகாது, சிவப்பு ஆகவே ஆகாது. தேதி முடிந்தது இருக்கக் கூடாது. யாரும் தின்னக் கூடாது. "நீங்களும் வைப்பீங்களா?" என்று கேட்டதற்கு, "மெஷினுக்கு மேனுவல் இருக்கிறது, எனக்கு பைபிள் இருக்கிறது" என்று சொன்ன மனுஷன் இவர்!

காலைச் சாப்பாட்டில் ஜெபம் முடிந்ததும் லின் மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கும் இங்கிலீஷில் சொன்னார்: "நாளைக்கு நாங்கள் போகவில்லை. மகன் வீடியோவில் காட்டுவான்." சூ-ஃபென் ஸ்பூனை வைத்துவிட்டார். சண்டை போடவில்லை, அழவில்லை. கதவில் மாட்டியிருந்த கவுன் பக்கம் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சமையலறையில் லின்னைப் பிடித்தேன். "துண்டு போட்டது நான், தப்பு என்னோடது. ஒரு பொரிப் பொட்டலத்துக்காக அவங்களைப் போகவிடாம பண்றீங்களே, நல்லா இருக்குங்களா?"

"எனக்காக இல்லை மேடம். அவளுக்காக." பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சூ-ஃபென் பிறந்த வீடு கோயிலை ஒட்டிய வீடு. கல்யாணம் ஆகித்தான் சர்ச்சுக்கு வந்தவர். இந்த மெஷின் வந்த புதிதில் பயத்தில் மூச்சு வாங்குமாம். லின் தம்பிக்குச் சொல்லி தைவானிலிருந்து பொட்டலத்தை வரவழைத்து வைத்தாராம், அதற்கப்புறம் சூ-ஃபென் நிம்மதியாகத் தூங்கினாராம். "அது இல்லை என்று தெரிந்த பிறகு, கூட்டத்தில் கூட்டிக்கொண்டு போனால் பயப்படுவாள். பயந்தால் மூச்சு போதாது."

"உங்க கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்களா?"

"அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்" என்றார் கொஞ்சமும் சிரிக்காமல்.

நான் நம்பவில்லை. தனக்குப் பயம் என்று சொல்ல ஆம்பளைக்கு வாய் வராது, வீட்டுக்காரி தலையில் போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரம் மருமகள் நிலானி குழந்தையோடு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோர், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே. விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனாள். "என்ன அன்ரி சொல்றியள்? மாமி வராட்டி நான் எப்பிடிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கிறது? வேற டெர்மின், வேற நாள் எடுக்கவும் ஏலாது, சொந்தக்காரர் எல்லாம் வந்திட்டினம்." மாமியாரிடம் போய் உட்கார்ந்து ஜெர்மனில் பேசினாள். திரும்பியபோது அவள் முகத்தில் குழப்பம். "மாமி சொல்றா, அது மாமாவுக்காக இருக்கிறதாம். அது வர முன்னம் மாமா எழும்பி எழும்பி மெஷினைப் பாத்துக்கொண்டே இருப்பாராம். அது வந்த பிறகுதான் நித்திரை கொண்டவராம்."

நல்ல கூத்து. இவரைக் கேட்டால் அவருக்கு, அவரைக் கேட்டால் இவருக்கு! யாருக்கோ இருந்துவிட்டுப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை ஏது, இன்றைக்கே புதுசு ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான் என்று காலிப் பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "நானும் வாறன் அன்ரி" என்று நிலானி குழந்தையைப் பாட்டியின் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்த ஆசியக் கடை மன்னார்க்காரர் ஒருவருடையது. முருங்கைக்காயும் கருவாடும் சீன நூடுல்ஸும் ஒரே வரிசையில் இருந்தன. உள்ளே நுழைந்ததும் ஊர் வாசனை. பொட்டலத்தைக் காட்டினேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் எடுத்து வந்தார்.

"பச்சை இல்லைங்களா?"

"இல்லை அக்கா. கலரில என்ன இருக்கு? உள்ளுக்கு எல்லாம் சோளப்பொரிதான். மஞ்சளைக் கொண்டு போங்கோ."

"அண்ணை, மஞ்சள் வச்சா மெஷின் நிண்டிடுமாம்" என்றாள் நிலானி. அவர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது போன வருசமே முடிஞ்சிட்டுதே! இதையோ சாப்பிட்டனீங்கள்? வயித்துக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

வாங்கிப் பார்த்தேன். முனையில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் தேதி. குளிர் ஆரம்பிக்கும் முன்பே முடிந்திருந்தது. காலாவதியான பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் அந்த மெஷின் குளிர்காலம் முழுக்க ஓடியிருக்கிறது.

வீடு திரும்பியதும் நேராகச் சூ-ஃபென்னிடம் போய் அந்தத் தேதியைக் காட்டினேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு நிலானியின் காதில் சொன்னார்.

"மாமி நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முதலே கண்டவவாம் அன்ரி. மாமாவுக்குக் கண் ஒப்பரேசனுக்குப் பிறகு சின்ன எழுத்துத் தெரியாது. சொன்னா மனுசன் திரும்ப நித்திரை கொள்ளாது எண்டு பேசாமல் விட்டவவாம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தேதி முடிந்தது தெரிந்தும் குளிர்காலம் முழுக்க இந்த அம்மா நிம்மதியாக இருந்திருக்கிறார் என்றால், பொட்டலம் இல்லாமல் இவருக்கு என்ன பயம்? "லின்! இங்க வாங்க!" என்று கத்திவிட்டேன். கீழ் வீட்டுக்காரர்கள் கம்ப்ளெயின்ட் பண்ணினால் பண்ணட்டும்.

லின் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து வந்தார். எங்கள் மில்லில் நூலில் முடிச்சுப் பார்க்க வைத்திருந்த அதே லென்ஸ். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பிறகு சோபாவில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அவர்கள் பாஷையில் பேசினார்கள். எனக்குப் புரியவில்லை, நிலானிக்கும் புரியவில்லை. லின் ஏதோ கேட்டார், சூ-ஃபென் ஏதோ சொன்னார், லின் தலையைக் குனிந்துகொண்டார். சூ-ஃபென் குழாயை ஒதுக்கிவிட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டார்.

பிறகு லின் எனக்கு இங்கிலீஷில் சொன்னார்: "தெரிந்தும் எப்படிப் பயப்படாமல் தூங்கினாய் என்று கேட்டேன். நீங்கள் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினீர்களே, எனக்கு என்ன பயம் என்கிறாள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எங்கே தூங்கினேன் மேடம்? அவள் தூங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்."

நிலானி அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்களுக்குள்ளும் இப்படி எத்தனை பொட்டலம் இருந்ததோ, யார் கண்டது?

லின் எழுந்தார். கதவில் இருந்த நீல கவுனை எடுத்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் யாழ்ப்பாணத்து அக்காமார் காஞ்சிபுரம் பட்டுக்கு மேலே முழங்கால் வரை கோட் போட்டுக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ" என்று வரவேற்றார்கள். சக்கர நாற்காலியில் நீலப் பட்டில் சூ-ஃபென், பக்கத்தில் தொங்கும் பையில் சின்ன மெஷின். அதற்கு மாற்று பேட்டரி, அதற்கும் மாற்று பேட்டரி, காரில் சிலிண்டர். தைவான் சர்ச்சுக்காரர்கள் ஒரு பக்க பெஞ்சு, மன்னார் யாழ்ப்பாணம் மறுபக்க பெஞ்சு. நான் நடுவில் முருகனை நினைத்துக்கொண்டு நின்றேன்.

பாதிரியார் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் குழந்தையைப் பாட்டி மடியில் வைத்தார்கள். ஹன்னா என்ன பண்ணினாள் தெரியுமா? குழாயை இறுகப் பிடித்து இழுத்தாள். லின் பாய்ந்தார். சூ-ஃபென் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவசரமே படாமல், குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முத்தம் கொடுத்து, குழாயைச் சரி பண்ணிக்கொண்டார். பாதிரியார் பொறுமையாகக் காத்திருந்தார். தண்ணீர் விழுந்தபோது குழந்தை அழவில்லை. லின்தான் அழுதார், சர்ச்சே திரும்பிப் பார்க்கிற மாதிரி. சூ-ஃபென் கைக்குட்டையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டார்.

அப்புறம் பின்னால் இருந்த ஹாலில் சாப்பாடு. ரோல்ஸ், உளுந்து வடை, தைவான் பசையரிசிச் சோறு, சிவப்புச் சாயம் போட்ட முட்டை. நிலானியின் அம்மா தட்டு நிறைத்துவிட்டார். லின் கண்ணை மூடினார். இந்த முறை ஒருத்தரும் அவசரப்படவில்லை, வடை ஆறினால் ஆறட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

வீடு வந்ததும் லின் பெரிய மெஷினின் குழாயைச் சூ-ஃபென்னுக்கு மாட்டினார். பிறகு அந்தக் காலிப் பொட்டலத்தை எடுத்தார். சுருக்கத்தைத் தேய்த்து, உள்ளே டிஷ்யூ பேப்பரை அடைத்து, வாயை இன்சுலேஷன் டேப்பால் ஒழுங்காக ஒட்டி, பழையபடி பலகையில் வைத்துவிட்டார்.

"அட, இப்ப யாருக்காகங்க?" என்றேன்.

லின் பொட்டலத்தைப் பலகையில் நேராக நகர்த்தி வைத்தார். "எங்கள் இரண்டு பேருக்கும் பயமில்லை என்று தெரிந்துவிட்டது மேடம்" என்றார். "அப்படியென்றால் இத்தனை நாளும் பயந்தது இந்த மெஷினாகத்தான் இருக்க வேண்டும்."

சோபாவிலிருந்து சூ-ஃபென் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். நான் என் துண்டை எடுத்துக்கொண்டு போய் பாத்ரூமில் காயப்போட்டேன்.